வேலிக்கீரை: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் மதுரச்சீரை என்று ஒரு பெயர் வந்தது. எங்கள் வேலியிலும் நிற்கிறது. நாங்கள் தவசிக்கீரை என்போம், பக்கத்து வீட்டுச் சேச்சி செக்குர்மானிஸ் என்பார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பால் ஊறும் என்று இதில் பொரியல் வைத்துக் கொடுக்கிறேன். அவளோ, உடம்பு குறைய இதையே பச்சையாக அரைத்துக் குடிக்கலாம் என்று ஒரு வீடியோவைக் காட்டுகிறாள். குடிக்கலாமா?

ச., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ச.,

வேண்டவே வேண்டாம். மிக்சியைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.

தைவானில் 1990களின் நடுவில் இதே ஆசையில் இந்த இலையைப் பச்சையாக அரைத்து, கொய்யா, அன்னாசிச் சாறு கலந்து வாரக்கணக்கில் குடித்தார்கள். பலருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டன. குடிப்பதை நிறுத்தியும் பழைய மூச்சு திரும்பவில்லை. சிலருக்கு நுரையீரலையே மாற்றவேண்டி வந்தது.

பொரியல் வேறு கதை. சேச்சி சொல்லும் பெயர் மலாய்க்காரர்களுடையது, மானிஸ் என்றால் அங்கே இனிப்பு. மலையாளத்தில் அதுவே மதுரச்சீரை; மதுரைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மலேசியாவின் சரவாக்கில் முட்டையோடு வதக்குகிறார்கள். வியட்நாமில் இலையைக் கையால் கசக்கி சூப்பில் போடுகிறார்கள். இந்தோனேசியாவில் இதன் பெயர் காத்துக், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க அங்கேயும் இதைத்தான் கொடுக்கிறார்கள். எல்லாம் அடுப்பேறித்தான் தட்டுக்கு வருகிறது. நீங்களும் வாரம் ஓரிரு முறை, ஒரு கைப்பிடி அளவோடு நிறுத்துங்கள். மகளைப் பார்க்கும் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் தவசுமுருங்கை என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள், அது வேறு செடி. இது நெல்லிக் குடும்பம். ஈர்க்கைத் திருப்பிப் பாருங்கள், இலைக்கு அடியில் சட்டைப் பொத்தான்போலச் சிவந்த பூ ஒளிந்திருக்கும். காயோ வெள்ளை மணி, தலையில் சிவப்புத் தொப்பி. என் பேத்தி அதைக் கம்மல் என்று காதில் வைத்துப் பார்ப்பாள்.

ஈர்க்கின் நுனியைப் பிடித்துக் கீழ்நோக்கி ஓர் இழுப்பு, இலை மொத்தமும் கையோடு வந்துவிடும். என் வீட்டில் பாசிப்பருப்பை முக்கால் வேக்காட்டில் இறக்கி, இலையைப் போட்டு நன்றாக வேகவிட்டு, தேங்காயும் சீரகமும் அரைத்துச் சேர்ப்போம். பச்சைப் பட்டாணி வாசம் வரும்.

செடி ஆளுயரம் போனால் தண்டுதான் மிஞ்சும். இடுப்பளவில் வெட்டிவிடுங்கள். வெட்டிய குச்சியை எறியாமல் கிணற்றோரம் ஊன்றிவையுங்கள், துளிர்க்கும்.