ஆற்றையும் கடலையும் வைத்துப் பார்த்தால் அந்தப் போர் புரியும்

தம்பி, வணக்கம். வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகருக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நான்காம் வகுப்பில் மகளுக்கு இரும்புக் கப்பல்களைப் பற்றி ஒப்படைப்பு கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் போர்க்களம் பார்க்க அழைக்கிறார். அலுவலகத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் பேச்சு எழுந்ததும் இரண்டு பேரின் முகம் மாறிப்போனது. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் முடிந்த சண்டையை இவர்கள் ஏன் இன்னும் விடவில்லை, நாம் எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். இந்தப் பக்கம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. என் பிள்ளைகளும் இதே பாடத்தை இதே ஊரில்தான் படித்தார்கள். தளபதிகளின் பெயர்களையும் தேதிகளையும் மனப்பாடம் செய்து தொடங்காதீர்கள். ஒரு வாரத்தில் சலித்துவிடும். வர்ஜீனியாவின் வரைபடத்தை மேசையில் விரித்து, முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

வடக்கின் தலைநகர் வாஷிங்டன். நாட்டிலிருந்து பிரிந்துபோன தெற்கின் தலைநகர் ரிச்மண்ட். இடைவெளி ஏறத்தாழ 100 மைல். போக்குவரத்து நெரிசல் இல்லாவிட்டால் காரில் இரண்டு மணி நேரம். அந்த நூறு மைலைக் கடக்க வடக்குப் படைக்கு 1861 முதல் 1865 வரை நான்கு ஆண்டுகள் பிடித்தன. காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. ராப்பஹானக், ராப்பிடான், பமுங்கி, சிக்கஹோமினி என்று ஒவ்வோர் ஆறும் வடக்கிலிருந்து வருகிறவனுக்குக் குறுக்கே ஓடுகிறது. ஒவ்வொரு கரையும் தெற்குத் தளபதி லீக்கு ஓர் அரண். 1862 இறுதியில் வடக்குத் தளபதி பர்ன்சைடின் படை ஃபிரெடரிக்ஸ்பர்க் எதிரே ராப்பஹானக் கரையில் வந்து நின்றபோது, மிதவைப் பாலத்துக்கான படகுகள் வந்து சேரவில்லை. அவை வருவதற்குள் அக்கரைக் குன்றில் லீ தன் பீரங்கிகளை நிறுத்திவிட்டார். டிசம்பர் 13ஆம் தேதி, குன்றின் அடிவாரத்துக் கல்சுவரை நோக்கி அலை அலையாக அனுப்பப்பட்ட வடக்கு வீரர்கள் அதை எட்டவே இல்லை. கொல்லப்பட்டும் காயப்பட்டும் காணாமல்போயும் அன்று வடக்கு இழந்தது 12,000 பேருக்கு மேல். வாஷிங்டன் போகும்போது 95ஆம் நெடுஞ்சாலையில் ஃபிரெடரிக்ஸ்பர்க் அருகே வண்டிகள் தேங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து சில நிமிடத் தொலைவில்தான் அந்தக் கல்சுவர்.

குறுக்கே ஓடும் ஆறுகளைத் தவிர்க்க வேண்டுமானால் கடல் வழியாக வந்து, ஆற்றோடு ஒட்டி மேலே ஏற வேண்டும். அந்த வழியின் வாசல்தான் நீங்கள் குடிவந்திருக்கும் ஊர். மகளின் ஒப்படைப்பு இங்கே தொடங்குகிறது.

1861 ஏப்ரலில், போர் தொடங்கிய சில நாட்களில், எதிர்க்கரை போர்ட்ஸ்மத்தில் இருந்த கடற்படைத் தளத்தைக் கைவிட்ட வடக்குப் படை, போகும்போது கப்பல்களுக்குத் தீ வைத்தது. மெரிமாக் என்ற நீராவிக் கப்பல் நீர்மட்டம் வரை எரிந்து மூழ்கியது. தெற்குக்காரர்கள் அதை மேலே தூக்கி, எஞ்சிய அடிப்பாகத்தின் மேல் சாய்வான மரக்கூடு கட்டி, நான்கு அங்குல இரும்புத் தகடு போர்த்தினார்கள். தகடுகள் ரிச்மண்டின் ட்ரெடிகர் இரும்பாலையில் செய்தவை. புதிய பெயர் வர்ஜீனியா. பாடத்தில் மெரிமாக் என்றும் அருங்காட்சியகத்தில் வர்ஜீனியா என்றும் பார்த்து மகள் குழம்பக்கூடும். இரண்டும் ஒரே கப்பல் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

1862 மார்ச் 8 அன்று அந்தக் கப்பல் ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்புக்குள் வந்தது. வடக்கின் கம்பர்லண்ட் என்ற கப்பலை முட்டித் துளைத்து மூழ்கடித்தது. முட்டிய வேகத்தில் அதன் இரும்பு மூக்கு முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. அடுத்து காங்கிரஸ் என்ற கப்பலைக் கொளுத்தியது. மின்னசோட்டா தரைதட்டி நின்றது. மரக்கப்பல்கள் சுட்ட குண்டுகள் அந்த இரும்புச் சாய்வில் பட்டுத் தெறித்து விழுந்தன. வடக்கின் மாலுமிகள் இருநூறுக்கும் மேற்பட்டோர் ஒரே பிற்பகலில் இறந்தார்கள். அன்றிரவு, காங்கிரஸ் எரிந்துகொண்டிருந்த வெளிச்சத்தில், நியூயார்க்கிலிருந்து மானிட்டர் வந்து சேர்ந்தது. சுவீடனில் பிறந்த ஜான் எரிக்சன் வடிவமைத்து, புரூக்ளினில் அவசரமாகக் கட்டிய கப்பல் அது. தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் தட்டையான தளம், நடுவில் சுழலும் ஒரு வட்ட இரும்புக் கூடு, அதற்குள் இரண்டே பீரங்கிகள். மறுநாள் காலை இரண்டும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் மிக நெருங்கி நின்று சுட்டுக்கொண்டன. எதுவும் மூழ்கவில்லை. வென்றது யார் என்று ஆசிரியை கேட்டால், அன்றைய சண்டை சமன், ஆனால் தெற்கின் துறைமுகங்களுக்கு வடக்கு போட்டிருந்த கடல் முற்றுகையை உடைக்கத்தான் வர்ஜீனியா வந்தது, முற்றுகை உடையவில்லை, ஆகவே பயன் வடக்குக்கு என்று மகளை எழுதச் சொல்லுங்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மானிட்டர் அதே ஆண்டு டிசம்பர் 31 அதிகாலையில் ஹாட்டெரஸ் முனைக்கு அப்பால் புயலில் மூழ்கியது. 16 பேர் இறந்தார்கள். 1973இல் இடத்தைக் கண்டுபிடித்து, 2002இல் அந்தச் சுழல் கூட்டைத் தூக்கினார்கள். அது உங்கள் ஊரிலேயே, மரினர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு. உப்பு இறங்குவதற்காகப் பெரிய தொட்டியில் கரைசலுக்குள் வைத்திருக்கிறார்கள். தொட்டி நிறைந்திருக்கும் நாளில் மங்கலாகத்தான் தெரியும். வடித்து வேலை பார்க்கும் நாளில் போக வாய்த்தால் நன்றாகப் பார்க்கலாம். அது தலைகீழாக இருக்கிறது. கப்பல் கவிழ்ந்து மூழ்கியபோது எப்படி விழுந்ததோ அப்படியே. வெளிச்சுவரைச் சுற்றி மெதுவாகக் கண்ணை ஓட்டினால், குண்டுகள் மோதிக் குழிந்த இடங்கள் தெரியும். எட்டு அடுக்காக அடித்த இரும்பு, ஒரு பக்கம் உள்வாங்கி நிற்கிறது. அதற்குள் நின்றவர்களின் காது என்ன ஆகியிருக்கும் என்று என் மகன் கேட்டான். கூட்டுக்குள் இரண்டு மாலுமிகளின் எலும்புகளும் கிடைத்தன. ஆராய்ந்தும் அவர்கள் யார் என்று உறுதியாகவில்லை. 2013இல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். மகளை அழைத்துப்போக வேண்டிய முதல் இடம் இதுதான். நீங்கள் வேலைக்குப் போகும் வழியில் உள்ள 664ஆம் நெடுஞ்சாலைச் சுரங்கப்பாலத்துக்கு மானிட்டர், மெரிமாக் இரண்டின் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

அதே 1862 வசந்தத்தில் வடக்குத் தளபதி மெக்லெல்லன் லட்சம் பேருக்கு மேற்பட்ட படையைக் கப்பல்களில் ஏற்றி, தீபகற்பத்தின் முனையில் உள்ள மன்ரோ கோட்டையருகே இறக்கினார். யார்க் ஆற்றுக்கும் ஜேம்ஸ் ஆற்றுக்கும் நடுவே, இந்தத் தீபகற்பத்தின் வழியாக ரிச்மண்டுக்குப் போவது திட்டம். யார்க்டவுனில் தெற்கின் மக்ருடர் கையில் இருந்தது சிறு படை. அதே ஆட்களைத் திரும்பத் திரும்ப நடக்கவிட்டுப் பெரும்படை போலக் காட்டினார். மெக்லெல்லன் நம்பி ஒரு மாதத்தை அங்கே இழந்தார். அந்த ஒரு மாதத்தை நான் இன்றும் அவருக்கு மன்னிப்பதில்லை. போர் எவ்வளவு முன்னதாக முடிந்திருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. எதிர்க்கரை நார்ஃபோக்கைத் தெற்குப் படை கைவிட்டதும் வர்ஜீனியா கப்பலுக்குப் போக்கிடம் இல்லை. ஜேம்ஸ் ஆற்றில் மேலே ஏற முடியாத அளவுக்கு கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் ஆழமாக இறங்கியிருந்தது; மே 11 அன்று அதன் மாலுமிகளே அதை வெடிவைத்து அழித்தார்கள். ஆறு திறந்துவிட்டது என்று மானிட்டரும் கலீனா என்ற இன்னொரு வடக்குக் கப்பலும் ரிச்மண்டை நோக்கி ஏறின. மே 15 அன்று ட்ரூரி மேட்டுக்குக் கீழே ஆற்றை அடைத்திருந்த தடைகளுக்கு முன் நின்றுவிட்டன. மேட்டின் உச்சியிலிருந்து குண்டுகள் பொழிந்தன. மானிட்டரின் பீரங்கிகளை அவ்வளவு உயரத்துக்கு நிமிர்த்தவே முடியவில்லை. கப்பல்கள் திரும்பின. ரிச்மண்டுக்குக் கிழக்கே ஜூன் இறுதியில் ஏழு நாள் நடந்த சண்டைகளில் லீ மெக்லெல்லனைப் பின்னுக்குத் தள்ளி, ஆற்றுக் கப்பல்களின் பீரங்கி நிழலுக்கே அனுப்பிவிட்டார்.

மேற்கே கதை வேறு. அங்கே ஆறுகள் குறுக்கே ஓடாமல் வடக்கு தெற்காகக் கிடப்பதால் வடக்குக்கு அவை சாலைகளாயின. 1862 பிப்ரவரியில் ஹென்றி, டானல்சன் கோட்டைகள், ஏப்ரலில் வடக்கின் கடற்படைத் தளபதி ஃபரகட்டிடம் நியூ ஆர்லியன்ஸ், 1863 ஜூலை 4 அன்று தரைப்படைத் தளபதி கிராண்டிடம் விக்ஸ்பர்க் என்று வீழ்ந்து, மிசிசிப்பி ஆறு ஏறக்குறைய முழுவதும் கை மாறியது. கிழக்கே கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்தது அதற்கு முதல் நாள். எல்லோரும் கெட்டிஸ்பர்க்கைப் பேசுவார்கள். தெற்கை இரண்டாகப் பிளந்தது விக்ஸ்பர்க்.

கடலில் வர்ஜீனியா முதல் டெக்சாஸ் வரை ஏறத்தாழ 3,500 மைல் கரையை வடக்கின் கடற்படை முற்றுகையிட்டது. பருத்தி வெளியே போகவில்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பட்டினி கிடந்தன. பம்பாயில் பருத்தி விலை தாறுமாறாக ஏறி, 1865இல் போர் முடிந்ததும் சரிந்து பெரிய வணிகர்களையே சாய்த்தது. திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கும் அந்த ஆண்டுகளில் கிராக்கி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வடக்கின் வணிகக் கப்பல்களை வேட்டையாடிய தெற்கின் அலபாமா என்ற போர்க்கப்பல், 1863 இறுதியில் சிங்கப்பூர் வந்து, 1864 ஜனவரியில் மலபார்க் கரையருகே ஓர் அமெரிக்கக் கப்பலை எரித்துவிட்டு, பிடித்த ஆட்களைத் திருவிதாங்கூர்க் கரையின் அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போனது. அதே ஆண்டு ஜூனில் பிரான்சின் ஷெர்பூர்க் அருகே வடக்கின் கியர்சார்ஜ் என்ற போர்க்கப்பல் அதை மூழ்கடித்தது.

1864இல் கிராண்ட் கிழக்கே வந்தார். வில்டர்னஸ் என்ற காட்டுப் பகுதியிலும் கோல்ட் ஹார்பரிலும் கணக்கில்லாமல் ஆட்களை இழந்தும் பின்வாங்கவில்லை. ஜூனில் 2,000 அடிக்கு மேல் நீளமான மிதவைப் பாலம் போட்டு ஜேம்ஸைக் கடந்து, ரிச்மண்டுக்குத் தெற்கே உள்ள பீட்டர்ஸ்பர்கை வளைத்தார். அந்த முற்றுகை ஒன்பது மாதத்துக்கு மேல் நீடிக்க முடிந்ததற்குக் காரணம் ஜேம்ஸ் ஆறுதான். இன்றைய ஹோப்வெல் நகரில், சிட்டி பாயின்ட் துறைக்குக் கப்பல் கப்பலாகச் சரக்கு வந்தது. தினமும் லட்சம் பேருக்கு ரொட்டி சுட்டார்கள். எதிர்வரிசையில் லீயின் ஆட்கள் அரை வயிற்றோடு கிடந்தார்கள். 1865 ஏப்ரல் 3 அன்று ரிச்மண்ட் வீழ்ந்தது, 9ஆம் தேதி அப்போமாடாக்ஸில் லீ சரணடைந்தார். முதலில் ரிச்மண்டுக்குள் நுழைந்த படைகளில் கறுப்பின வீரர்களின் படைப்பிரிவுகளும் இருந்தன.

அலுவலகத்தில் முகம் மாறிய விஷயத்துக்கு வருகிறேன். மன்ரோ கோட்டைக்குப் போய் அகழிப் பாலத்தில் நில்லுங்கள். போர் முழுவதும் வடக்கின் கையிலேயே இருந்த கோட்டை அது. 1861 மே 23 இரவு, பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் அக்கரையிலிருந்து படகில் துடுப்புப் போட்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். தெற்கின் பீரங்கி மேடை கட்ட அவர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். உரிமையாளரின் சார்பில் அதிகாரி ஒருவர் வந்து திருப்பிக் கேட்டார். தளபதி பட்லர், உங்கள் மாநிலம் பிரிந்துபோய்விட்டதாகச் சொல்கிறீர்கள், பிறகு எங்கள் நாட்டுச் சட்டம் உங்களுக்கு எதற்கு, எதிரியின் போர்ப் பொருளாக இவர்களை நான் வைத்துக்கொள்கிறேன் என்று அனுப்ப மறுத்தார். செய்தி பரவியது. ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பின்னால் வடக்கின் தரைப்படையில் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் போராடினார்கள். ரிச்மண்டுக்கு வெளியே நியூ மார்க்கெட் குன்றில் 1864 செப்டம்பர் 29 அன்று நடந்த ஒரே தாக்குதலுக்காக அவர்களில் 14 பேர் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றார்கள். என்னோடு வேலை பார்த்த கறுப்பினப் பெண்மணி ஒருவர், தன் கொள்ளுத்தாத்தாவின் தந்தை பீட்டர்ஸ்பர்கில் நின்றவர் என்று சொல்லும்போது குரல் நிமிரும். என் தெருவிலேயே இருந்த வெள்ளைக்காரப் பெரியவருக்கும் பீட்டர்ஸ்பர்கில் ஒரு முன்னோர் உண்டு, எதிர்ப் பக்கத்து அகழியில். ஒரே மதிய உணவு மேசையில் இருவரும் உட்காரும் ஊர் இது. முகம் மாறத்தான் செய்யும்.

போர் எதற்காக என்று பேச்சு வந்தால், மாநில உரிமைக்காக என்று சிலர் சொல்வார்கள். அடிமை முறைக்காகத்தான். பிரிந்துபோன மிசிசிப்பி மாநிலம் தன் பிரகடனத்தில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறது. யாரிடமும் வாதாட வேண்டியதில்லை, ஆனால் ஒப்புக்குத் தலையாட்டவும் வேண்டாம். உங்கள் குடும்பத்தில் யாராவது அதில் இருந்தார்களா என்று கேளுங்கள். பிறகு அவர்கள் பேசட்டும். நமக்கு இதில் என்ன என்றும் எண்ணாதீர்கள். இந்த மண்ணில் பிறந்த குழந்தை இந்நாட்டுக் குடிமகன் என்று எழுதிய 14ஆம் சட்டத்திருத்தம், அந்தப் போரின் விளைவாக 1868இல் வந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்காக எழுதிய வரியில்தான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாஸ்போர்ட் கிடைத்தது. அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

பெரியவர் அழைத்தால் கட்டாயம் போங்கள். அருங்காட்சியகமும் மன்ரோ கோட்டையும் ஒரே சனிக்கிழமையில் முடியும். ட்ரூரி மேட்டையும் ட்ரெடிகர் ஆலையையும் ரிச்மண்ட் போகும் நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். கோல்ட் ஹார்பர், பீட்டர்ஸ்பர்க் இரண்டையும் அக்டோபருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்; கோடையில் அந்தப் புல்வெளிகளில் உண்ணி அதிகம், மகளுக்கு முழுக்கால்சட்டை போட்டு, திரும்பியதும் கால்களைப் பார்த்துவிடுங்கள்.