கேளுங்கள், கழற்றிப் பார்ப்போம்: ஆர்கனில் முழக்கத்தைக் காணோம்

இந்த முறை மூன்று கடிதங்கள். மூன்றும் கோயில் ஆர்கனைப் பற்றியவை, மூன்றிலும் குறை ரிவர்ப்தான், அதாவது பெரிய கட்டடத்தில் வாசித்ததுபோல ஒலி முழங்கி அடங்குவது. முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளம்.

கேள்வி: ஐயா, எங்கள் சபையில் இருப்பது 40 வருஷத்துக்கு முந்தைய எலெக்ட்ரானிக் ஆர்கன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கோயிலுக்கு வெள்ளையடித்தபோது அதை இடம் மாற்றி வைத்தார்கள். அன்றிலிருந்து ரிவர்ப் வரவில்லை. அந்தக் குமிழைத் திருப்பினால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல்தான் கூடுகிறது. பார்க்க வந்த மெக்கானிக், "போர்டு போச்சு, புது கீபோர்டு வாங்கிடுங்க" என்கிறார். வாங்கிவிடலாமா?
– ஓர் ஆர்கனிஸ்ட், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: வாங்காதீர்கள் தம்பி. மற்ற சத்தமெல்லாம் ஒழுங்காக வருகிறது, ரிவர்ப் மட்டும் இல்லை, அதுவும் ஆர்கனை நகர்த்திய பிறகு என்றால், போர்டை நான் கடைசியாகத்தான் சந்தேகப்படுவேன். முதல் சந்தேகம் வெள்ளையடித்தவர்கள் மேல்தான்.

அந்தக் காலத்து ஆர்கனில் பெரும்பாலும் ஸ்பிரிங் ரிவர்ப்தான் இருக்கும். பின்பலகையைக் கழற்றினால் ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் ஒரு தகரப் பெட்டி தெரியும். உள்ளே மெல்லிய ஸ்பிரிங்குகள் இரண்டோ மூன்றோ இழுத்துக் கட்டியிருக்கும். ஒரு முனையில் உள்ள காயில் (கம்பிச் சுருள்), ஆர்கன் சத்தத்துக்கு ஏற்ப ஸ்பிரிங்கை ஆட்டும். அந்த அதிர்வு மறுமுனைக்குப் போய்ச்சேர ஏறக்குறைய 30, 40 மில்லி செகண்ட் ஆகும். அங்கே முட்டித் திரும்பும், மறுபடி போகும், அப்படியே தேய்ந்து அடங்கும். மறுமுனைக் காயில் அதைப் பிடித்துக் கொடுக்க, நம் காது 'பெரிய கட்டடம்' என்று ஏமாந்துபோகிறது. நெடுந்தூரத் தொலைபேசியில் பேச்சு தாமதமாவதை ஆராய அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் செய்த ஸ்பிரிங் ஏற்பாடு இது. அதை ஆர்கனுக்குள் கொண்டுவந்தவர் லாரன்ஸ் ஹாமண்ட். அவருடைய ஆர்கன் 1935-ல் சந்தைக்கு வந்தது. கம்பளம் விரித்த வீட்டுக் கூடத்தில் வாசித்தால் கோயில் முழக்கம் எங்கிருந்து வரும்? அதற்குத்தான் இந்தப் பெட்டி.

சரி, உங்கள் ஆர்கனுக்கு வருவோம். குமிழைத் திருப்பினால் இரைச்சல் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஸ்பிரிங்கிலிருந்து திரும்பி வரும் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். போர்டு போயிருந்தால் இரைச்சலும் போயிருக்கும்.

இப்போது குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு, பெட்டியின் ஓரத்தை விரலால் லேசாகத் தட்டுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம், உள்ளே கரண்டு இருக்கிறது. ஸ்பீக்கரில் இடி உருண்டதுபோலச் சத்தம் வந்தால் ஸ்பிரிங், திரும்பும் காயில், அதன் கேபிள் மூன்றும் நலம். ஸ்பிரிங்கை ஆட்டுகிற பக்கத்தில்தான் கோளாறு. இடி வராமல் இரைச்சல் மட்டும் இருந்தால் திரும்பும் பக்கத்தைப் பாருங்கள்.

பார்ப்பதற்கு முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பெட்டியில் இரண்டு ஆர்.சி.ஏ. பின் (பழைய டி.வி., டெக்கில் செருகுவோமே, அந்த வகை) செருகியிருக்கும். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் தூசி துடைத்தவர் மாற்றிச் செருகியிருக்கலாம். இதை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். பெட்டியில் 'இன்புட்', 'அவுட்புட்' என்று அச்சிட்டிருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பின்னில் பச்சை பிடித்திருந்தால் நன்றாகத் துடையுங்கள். கேபிளை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே சுற்றியிருக்கும் வலை அறுந்தாலே இரைச்சல் ஏறிவிடும். அப்புறம், குலுக்கலில் ஸ்பிரிங் கொக்கியிலிருந்து கழன்றிருக்கலாம்.

இதிலெல்லாம் குறை இல்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். இரண்டு பின்னையும் உருவிவிட்டு, பெட்டியின் சாக்கெட்டில் ஓம்ஸ் பாருங்கள். ஆட்டும் காயில் ஒரு ஓமுக்கும் கீழே காட்டலாம், 200 ஓம் வரையும் காட்டலாம், அது பெட்டியின் வகையைப் பொறுத்தது. பிடிக்கும் காயில் பெரும்பாலும் 200-ஐ ஒட்டிக் காட்டும், சில வகைகளில் 800 ஓம். எண் எவ்வளவு என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஏதாவது ஓர் எண் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. முள் அசையவே இல்லையென்றால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் காயிலிலிருந்து சாக்கெட்டுக்கு வருகிற தலைமுடி போன்ற கம்பிதான் அறுந்திருக்கும். கூர்மையான சால்டரிங் அயர்னால் ஒரு பொட்டு ஈயம் வைத்தால் வேலை முடிந்தது.

தொழிலுக்கு வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஒரு சபையாரிடம் 'பெட்டி போய்விட்டது' என்று கையை விரித்து, புதுப் பெட்டிக்குச் சொல்லி அனுப்பினேன். அது வந்துசேர இரண்டு மாதம் ஆனது. மாட்டப் போன அன்று பழைய பெட்டியைச் சும்மா திருப்பிப் பார்த்தால், அறுந்த கம்பி எட்டிப் பார்த்துச் சிரிக்கிறது. புதுப் பெட்டி இன்னமும் என் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது.

எல்லாம் சரியாகி, இரைச்சல் மட்டும் நின்றபாடில்லை என்றால், பெட்டியின் அவுட்புட் முனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காயில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் காந்தமாக இழுத்துக்கொள்ளும். முனை மாற்றி வைத்தால் அடங்கிவிடும். ஆர்கன் மேலேயே பவர் ஆம்பைத் தூக்கி வைத்திருக்கிறீர்களா? கீழே இறக்குங்கள்.

கேள்வி: சனிக்கிழமை பாடல் பயிற்சியில் ரிவர்ப் அருமையாக இருக்கிறது. அதே அளவில் ஞாயிறு ஆராதனையில் வறண்டுபோகிறது. சூடானால் ஏதாவது பாகம் படுத்துவிடுகிறதா?
– கொயர் மாஸ்டர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ஆர்கன் நன்றாகத்தான் இருக்கிறது. சபையார் வந்து உட்கார்கிறார்கள், அவ்வளவுதான். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தின் எதிரொலியை அடக்கச் சொல்லி வாலஸ் சபின் என்ற இளம் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து பிறந்த கணக்கு இது: கட்டடத்தின் கன மீட்டரை 0.161-ஆல் பெருக்கி, உள்ளே ஒலியை விழுங்குகிற பரப்பால் வகுத்தால் முழக்கம் எத்தனை செகண்ட் என்று வரும்.

உங்கள் கோயில் 24 மீட்டர் நீளம், 10 அகலம், 7 உயரம் என்று வைத்துக்கொள்வோம். காலியாக இருக்கும்போது இரண்டரை செகண்ட் முழங்குகிறது என்றால் விழுங்கும் பரப்பு சுமார் 108 சதுர மீட்டர். ஓர் ஆள் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் விழுங்குவார். 250 பேர் வந்தால் 125. புழுக்கத்துக்கு ஜன்னல்களைத் திறப்பீர்கள், அதில் ஒரு 18 (திறந்த ஜன்னலுக்குள் போன ஒலி திரும்பாது). மொத்தம் 251. இப்போது முழக்கம் ஒரு செகண்ட் சொச்சம்தான். பாதிக்கும் கீழே!

ஆகவே ஆள் நிறைந்த ஆராதனையில் ஒரு தடவை குமிழைச் சரிபார்த்து, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக்கு வேறு கோடு. ஒன்று மட்டும்: பிரசங்க மைக்கில் உள்ள எக்கோவை இதோடு சேர்த்து ஏற்றிவிடாதீர்கள். போதகர் ஐயர் சொல்வது கடைசி வரிசைக்கு விளங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் டிஜிட்டல் ஆர்கனை மிக்ஸரில் கொடுத்தால் கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் இருக்கிறது. நேர்ச் சத்தம் இல்லை, ரிவர்ப் மட்டும் மிதக்கிறது. ஹெட்போனில் கேட்டால் சரியாக இருக்கிறது.
– வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: ஹெட்போன் துளையிலிருந்து ஸ்டீரியோ கேபிளை எடுத்து, மிக்ஸரின் ஒரே சேனலில் செருகியிருப்பீர்கள். பின்னில் கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் அது ஸ்டீரியோ. பேலன்ஸ்டு இன்புட் என்கிற வகைச் சேனல் இரண்டு பக்கச் சத்தத்தையும் கூட்டாது, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும். நேர்ச் சத்தம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் அடிபட்டுப் போகிறது. இடம் வலம் வேறுபடுகிற ரிவர்ப் மட்டும் மிஞ்சுகிறது. ஆர்கனின் பின்புறம் லைன் அவுட் (மிக்ஸருக்குச் சத்தம் கொடுப்பதற்கென்றே உள்ள துளை) இருந்தால் ஒற்றை வளையமுள்ள இரண்டு மோனோ கேபிள் எடுத்து, இடத்தை ஒரு சேனலிலும் வலத்தை இன்னொன்றிலும் கொடுங்கள். அந்தப் பழைய கேபிளைக் கோயில்பிள்ளையிடம் (கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்) சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் யாராவது எடுத்துச் செருகிவிடுவார்கள்.