சந்தா நோட்டில் பாக்கி இல்லை

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

திருமங்கலம் பக்கத்தில் எங்கள் சபை இருக்கிறது. புது ஆலயத்தைக் கட்டி முடித்துப் பிரதிஷ்டையும் ஆயிற்று, கடன் இல்லை. ஞாயிறு ஆராதனைக்குப் பிந்தி வந்தால் உட்கார இடம் கிடைக்காது. அறுப்பின் பண்டிகை ஏலம் இரண்டு மணி நேரம் நடக்கிறது. வழக்கோ கோஷ்டியோ கிடையாது. போன மாதம் கன்வென்ஷனுக்கு வந்த பிரசங்கியார் மேடையிலேயே எங்களை, வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆண்டவர் வெதுவெதுப்பானது என்று கடிந்துகொண்ட லவோதிக்கேயா சபை என்று சொல்லிவிட்டார். பலருக்கு மனது நொந்துவிட்டது, எனக்குந்தான். எங்களிடம் என்ன குறை கண்டார்? விசுவாசிக்கு இளைப்பாறுதல் உண்டு என்று வேதம் சொல்லும்போது, நிம்மதியாக இருப்பதே குற்றம் என்பதுபோல் சபையை ஓயாமல் அதட்டலாமா?

கமிட்டி அங்கத்தினர் ஒருவர்

அன்புள்ள ஐயா,

உங்கள் மனவருத்தத்தில் பாதி நியாயமானது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று இரவுகளுக்கு வந்து போகிற ஒருவர் ஒரு சபையின் உள்நிலையை அளந்து தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்ட அதட்டலால் விளைவதையும் நான் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன்: மூன்றாம் நாள் இரவில் பலர் அழுகிறார்கள், அழுததாலேயே தாங்கள் உயிரோடிருப்பதாக நம்பிக்கொள்கிறார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பழையபடி நடக்கிறது. கன்வென்ஷன் கண்ணீரும் நமக்கு ஒரு சௌகரியமாகிவிடும் என்பதே என் பயம். ஆனாலும் அந்தப் பெயரை நீங்கள் உதறிவிட வேண்டாம். லவோதிக்கேயாவைப் பற்றி நாம் சிறு வயது முதல் கேட்டு வந்த விளக்கத்தில் ஒரு பிசகு இருப்பதாக எண்ணுகிறேன். அந்தப் பிசகைத் திருத்திக்கொண்டால், உங்கள் கேள்விக்கு வேறொரு பக்கத்திலிருந்து பதில் கிடைக்கும்.

அனல் என்றால் பக்தி வைராக்கியம், குளிர் என்றால் அவிசுவாசம், வெதுவெதுப்பு என்றால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அரைகுறை பக்தி என்றுதான் ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படியானால், "நீ குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்" என்று ஆண்டவர் சொல்வது ஏன்? அவிசுவாசமும் நலம் என்றா சொல்கிறார்? அந்த ஊரின் தண்ணீரை அறிந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். இன்றைய துருக்கியில் தெனிஸ்லி நகருக்கு அருகே லவோதிக்கேயாவின் இடிபாடுகள் இருக்கின்றன. பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில் தெரிகிற எராப்போலியில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. நோயாளிகள் அவற்றில் குளிக்கப் போவார்கள். இன்னொரு திசையில் இருந்த கொலோசெ பட்டணத்துக்குக் குளிர்ந்த ஆற்றுநீர் கிடைத்தது. லவோதிக்கேயாவுக்கோ தூரத்திலிருந்து குழாய் வழியாகவே தண்ணீர் வந்தது. சுண்ணாம்பு படிந்து துளை சுருங்கிப்போன குழாய்களை இன்றும் அங்கே காணலாம். ஊருக்குள் வந்து சேரும்போது அந்தத் தண்ணீர் நோயையும் ஆற்றாது, தாகத்தையும் தீர்க்காது. சித்திரை வெயிலில் நடந்து வந்தவருக்கு மண்பானைத் தண்ணீரும், காய்ச்சலில் படுத்திருப்பவருக்குச் சுக்கு வெந்நீரும் கொடுக்கிற நமக்கு இது எளிதில் விளங்கும். மத்தியான வேளையில் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருகிற தண்ணீரை நாம் இருவருக்கும் கொடுப்பதில்லை. ஆண்டவர் அந்தச் சபையின் உணர்ச்சி எத்தனை பாகை சூடாக இருக்கிறது என்று கேட்கவில்லை, அந்தச் சபையால் யாருக்கு என்ன பயன் என்றே கேட்கிறார் என்பது என் துணிபு.

அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. கி.பி. 60-ஆம் ஆண்டு வாக்கில் பூகம்பத்தில் இடிந்தபோது, ரோம அரசின் உதவியை நாடாமல் சொந்தப் பணத்தைக் கொண்டே மீண்டும் கட்டிக்கொண்டார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் தாசிதஸ் குறித்து வைத்திருக்கிறார். "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்கிற வார்த்தை அந்த ஊரார் வாயில் வெறும் வீம்பாக வந்திருக்காது. கணக்குப் பார்த்தே சொல்லியிருப்பார்கள். உங்கள் கடிதத்தில் இருப்பதும் கணக்குத்தான், ஐயா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

நிம்மதியைக் குற்றமாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. கிறிஸ்து தருகிற சமாதானம் வேறு, ஆமோஸ் தீர்க்கதரிசி "ஐயோ" என்று சொன்ன நிலை வேறு. அந்த நிலைக்கு நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு "நிர்விசாரம்" என்ற சொல்லை வைத்திருக்கிறது. விசாரம் என்றால் கவலை. நம் பக்கத்தில் ஒருவரை விசாரிப்பது என்றால் நலம் கேட்பது, போய்ப் பார்ப்பது. "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்று மத்தேயுவிலும், "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்" உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள் என்று பேதுருவின் நிருபத்திலும் வாசிக்கிறோம். தேவன் நம்மை விசாரிக்கிறார் என்கிற நம்பிக்கையால் வருகிற ஓய்வே இளைப்பாறுதல். அந்த ஓய்வைப் பெற்றவர்கள் பிறரை விசாரிப்பதை விட்டுவிடுவது நிர்விசாரம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்; ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

இதை நான் என் சொந்தச் சபையில் கற்றுக்கொண்டேன். மதுரை நகரத்துக்குள் இருக்கிற அந்தச் சபையில் நானும் அப்போது கமிட்டியில் இருந்தேன். அவனியாபுரத்திலிருந்து பேருந்தில் வந்து, கடைசி வரிசையில், கதவோரமாக உட்காருகிற ஒரு வயதான அம்மா இருந்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பதினொரு வாரம் படுக்கையில் கிடந்தார்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வெளியூரில் இருந்த மகன் ஆண்டுத் தொடக்கத்திலேயே அம்மாவின் பன்னிரண்டு மாதச் சந்தாவையும் மொத்தமாகக் கட்டியிருந்தார். அந்தப் பதினொரு வாரத்துக்குள் சபைத் தேர்தலின் வாக்காளர் பட்டியலுக்காகச் சந்தா நோட்டை வரி வரியாகச் சரிபார்த்தவன் நான்தான். அவர்கள் பெயருக்கு நேராகப் பாக்கி இல்லை என்பதைப் பார்த்து, அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். அவர்களை வழக்கமாக நிறுத்தத்தில் இறக்கிவிடுகிற ஆட்டோக்காரர், அவர் நம் சபையைச் சேர்ந்தவரும் அல்லர், ஒரு நாள் ஆலய வாசலில் வந்து, "அந்தப் பாட்டிம்மா ஏன் வாறதில்ல?" என்று கேட்ட பிறகே எங்களுக்கு உறைத்தது. அவர் விசாரித்தார்; நாங்கள் விசாரிக்கவில்லை. அந்தப் பதினொரு வாரமும் எங்கள் ஆலயம் நிறைந்திருந்தது, பாடகர் குழு நன்றாகப் பாடியது, திருவிருந்து தவறாமல் நடந்தது.

உங்கள் சபையில் கோஷ்டி இல்லை என்று எழுதியிருப்பதையும் மெதுவாக யோசித்துப் பாருங்கள். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிஷன், 1847-இல் ஒரு தீர்மானம் போட்டது: சாதியை விட்டதாகச் சொல்கிறவர், எந்தச் சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து உண்ண ஆயத்தமாயிருக்க வேண்டும். உபதேசிமார் உட்படப் பலர் அதற்கு இணங்காமல் சபை ஐக்கியத்திலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அன்றைக்குச் சபையில் அமைதி குலைந்தது, எண்ணிக்கையும் குறைந்தது. ஆனால் அன்று கேட்கப்பட்ட கேள்வி சரியான கேள்வி. இன்று நாம் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறோம். பெண் பார்க்கும்போது மட்டும் பழைய வரிசையைத் தேடுகிறோம். தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே பாதை பிரிகிற ஊர்களும் உண்டு. கேட்கவேண்டியதைக் கேட்காமல் விட்டதால் வந்த அமைதியும் கோஷ்டியில்லாத அமைதியைப் போலவே இருக்கும். உங்கள் ஊரில் எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

"இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனத்தைச் சுவரொட்டிகளிலும் காலண்டர்களிலும் அவிசுவாசிகளுக்கான அழைப்பாகவே போடுகிறார்கள். அது லவோதிக்கேயா சபைக்கு எழுதிய கடிதத்தின் முடிவில் வருகிற வார்த்தை. சபை உள்ளே கூடியிருக்கிறது, ஆண்டவர் வெளியே நிற்கிறார். கதவைத் திறந்தால் அவர் செய்வதாகச் சொல்வதும் கூட உட்கார்ந்து சாப்பிடுவதைத்தான்.

ஆகவே பிரசங்கியாருக்கு என்ன மறுப்பு எழுதலாம் என்று கமிட்டியில் பேசி நேரத்தைப் போக்க வேண்டாம். சபை அங்கத்தினர் பதிவேட்டை எடுத்துவைத்து, பணக் கணக்கைப் பார்க்காமல், ஒவ்வொரு பெயரையும் வாசித்து, இவரைக் கடைசியாக யார் எப்போது பார்த்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். எங்கள் சபையில் அப்படிக் கேட்டபோது இருபத்து மூன்று பெயர்களுக்கு ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அவர்களில் நான்கு பேர் இறந்துபோயிருந்தார்கள்.

லெந்து நாட்களில் ஒரு சனிக்கிழமை நான் திருமங்கலம் வருகிறேன். பதில் கிடைக்காத பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆயரையும் அழைத்துக்கொண்டு, வெயில் ஏறும் முன் முதல் சில வீடுகளுக்குச் சேர்ந்து போவோம்.