மூன்று மாதத் திட்டமா, ஒரு வருடத் திட்டமா?

கேள்வி: எடை குறைப்பு மையம் ஒன்றில் விசாரித்தேன். மூன்று மாதத் திட்டம், ஒரு வருடத் திட்டம் என இரண்டு இருக்கின்றன. மூன்று மாதத்திலேயே பத்து கிலோ குறைந்துவிடும் என்கிறார்கள். அப்புறம் மீதி ஒன்பது மாதத்துக்கு நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

பதில்: குறைந்த எடை திரும்ப ஏறாமல் இருப்பதற்கு. குறைப்பதைவிட அதுதான் கஷ்டம்.

உடல் சிறுத்தால் அதற்குச் செலவாகும் கலோரியும் குறைகிறது. பசியைக் கிளப்பும் ஹார்மோனான கிரெலின் ஏறுகிறது, பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் இறங்குகிறது. எடை குறைந்து ஒரு வருடம் ஆன பிறகும் இந்த மாற்றங்கள் நீடித்ததை 2011-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நீங்கள் மையத்துக்குப் போவதை நிறுத்தலாம், பசி நிறுத்தாது.

காலத்தை மட்டும் மாற்றிப் பார்த்த பழைய ஆய்வு ஒன்று 1989-ல் வந்தது. 48 பேர்தான், சின்ன ஆய்வு. பாதிப்பேருக்கு 20 வாரம், மீதிப்பேருக்கு 40 வாரம். சொல்லிக்கொடுத்தது இருவருக்கும் ஒன்றே. 40 வாரக்காரர்களுக்கு நிதானமாகச் சொன்னார்கள். 20-ஆவது வாரத்தில் இரு குழுவும் ஏறக்குறைய சமம். 72-ஆவது வாரத்தில் எடை பார்த்தபோது 40 வாரக்காரர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள்.

அதனால் நீளமான திட்டமே நல்லது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த நீளத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நான் ஒருமுறை ஒரு வருடத்துக்குக் கட்டினேன். முதல் மூன்று மாதம் என் அட்டையில் வாராவாரம் எடை, தேதி, கையெழுத்து. நாலாம் மாதத்திலிருந்து "தொலைபேசியில் விசாரிக்கப்பட்டது" என்று ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் ஒன்பது வரி. ஒரு அழைப்பும் வரவில்லை. ஒரு வருடப் பணத்துக்கு நான் வாங்கியது மூன்று மாதத் திட்டம்தான்.

உண்மையாகவே தொலைபேசியில் பேசினால் அதில் குறையொன்றும் இல்லை, நேரில் போவதற்கு ஈடாகப் பலன் தருவதுண்டு. அமெரிக்க மருத்துவ அமைப்புகளின் 2013 வழிகாட்டுதல் சொல்வது இது: முதல் ஆறு மாதத்தில் குறைந்தது 14 அமர்வுகள், அப்புறம் ஒரு வருடமாவது மாதம் ஒருமுறையேனும் தொடர்பு. இதை வைத்துக்கொண்டு நாலாம் மாதம் முதல் எத்தனை சந்திப்பு, யாருடன் என்று எழுத்தில் கேளுங்கள். "பத்து கிலோ" என்பது சேர்ந்த எல்லோருடைய சராசரியா, கடைசிவரை வந்தவர்களுடையது மட்டுமா என்றும் கேளுங்கள். பாதியில் நின்றவர்களைக் கழித்துவிட்டால் எந்தக் கணக்கும் அழகாகத்தான் இருக்கும். முழுத்தொகையை முன்கூட்டியே கட்டாதீர்கள். மாதாமாதம் வாங்க மாட்டோம் என்று மையத்தில் சொன்னால், இடையில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: எடை குறைக்கப் போடும் செமாகுளூட்டைட் ஊசியை ஆறு மாதம் போட்டுவிட்டு நிறுத்தினால் போதுமா?

பதில்: பெரும்பாலும் போதாது. 68 வாரம் போட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வில், சராசரியாக 17.3 சதவீதம் எடை குறைந்திருந்தது. நிறுத்தி ஒரு வருடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதுபோலத்தான் இதுவும்.

இன்னொன்று, எடை குறைப்புக்கு இந்த ஊசியை வழக்கமாக 0.25 மில்லிகிராமில் தொடங்கி, 16 வாரம் படிப்படியாக ஏற்றி, அதன் பிறகே 2.4-க்குக் கொண்டுபோவார்கள். ஆறு மாதத்தில் நீங்கள் முழு அளவில் இருப்பது பத்து வாரம் போல. எவ்வளவு நாள் போடுவது, எப்படி நிறுத்துவது என்று தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். செலவைக் கணக்குப் போடும்போது முதல் மாதத்து ரசீதை வைத்துப் போடாதீர்கள். முழு அளவுக்கு ஆகும் விலையைக் கேட்டு, அதை இரண்டு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.