ஊதியத்தில் ஒரு விழுக்காடு பயிற்சித் தீர்வை: சிறு தொழிலகங்கள் அரசிடம் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: எங்கள் சங்கத்தில் இயந்திரப் பட்டறை நடத்தும் அறுபது பேர் உறுப்பினர்களாக இருக்கிறோம். பெரும்பாலான பட்டறைகளில் பத்து முதல் இருபது பேர் வரை வேலை செய்கிறார்கள். எல்லா நிறுவனங்களிடமிருந்தும் மொத்த ஊதியத்தில் 1 விழுக்காட்டைத் தீர்வையாக வசூலித்துத் தேசியத் தொழிற்பயிற்சி நிதியம் ஒன்றை அமைக்கப் போவதாக அரசு வரைவு வெளியிட்டு, கருத்துக் கேட்டிருக்கிறது. உறுப்பினர்களில் பாதிப் பேர் இதை அடியோடு எதிர்க்க வேண்டும் என்கிறார்கள். மற்றவர்கள் அரை விழுக்காடாகக் குறைக்கக் கேட்டால் போதும் என்கிறார்கள். பதில் மனுவில் எதை வலியுறுத்துவது?

பதில்: இரண்டு தரப்பும் தீர்வையின் அளவைப் பற்றியே பேசுகின்றன. உங்கள் பட்டறைகளுக்கு நன்மையா தீமையா என்பதைத் தீர்மானிக்கப் போவது அந்த அளவு அன்று. செலுத்திய பணம் எந்த வழியாக, எந்தச் சான்றின் பேரில், எத்தனை மாதங்களில் திரும்பி வருகிறது என்பதுதான். மனுவின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பட்டறையில் ஆண்டுக்கு முந்நூறு வேலை நாள் என்று கொண்டால், மொத்தம் 3,600 ஆள்நாள் ஊதியம் வழங்கப்படுகிறது. அதில் 1 விழுக்காடு என்பது 36 ஆள்நாள் ஊதியம். அரை விழுக்காடு என்றால் 18. இனி, லேத்தில் வேலை செய்யும் ஒருவரைச் சி.என்.சி. எனப்படும் கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரம் இயக்கக் கற்றுக்கொள்ளப் பத்து நாள் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பயிற்சிக் கட்டணம் ஒரு செலவு. அவர் இல்லாத பத்து நாளும் அவருக்கு ஊதியம் கொடுக்க வேண்டும், அது இரண்டாவது. அந்தப் பத்து நாளும் அவருடைய இயந்திரம் சும்மா கிடக்கும், இல்லையேல் இன்னொருவர் மிகைநேரம் பார்க்க வேண்டும், இது மூன்றாவது. ஐந்நூறு பேர் வேலை செய்யும் ஆலையில் பத்துப் பேர் வராத நாளும் வேலை ஓடிவிடும். பன்னிரண்டு பேரில் ஒருவர் வராவிட்டால் வரிசையே நின்றுபோகும். ஆகவே பயிற்சிக் கட்டணத்தை மட்டும் ஈடுசெய்யும் நிதியம், 36 நாள் ஊதியத்தை வாங்கிக்கொண்டு உங்கள் செலவின் மிகச் சிறிய பங்கைத் திருப்பித் தருவதாகவே முடியும். தீர்வையை அரை விழுக்காடாக்கினாலும் இந்தக் குறை நீங்காது.

அடியோடு எதிர்ப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தீர்வை என்ற யோசனைக்குப் பின்னால் நியாயமான காரணம் ஒன்று உண்டு. ஒரு பட்டறை இரண்டு ஆண்டு செலவிட்டு ஒருவரைத் தேர்ந்த கைவினைஞராக்கினால், பக்கத்துப் பட்டறை சற்றுக் கூடுதல் ஊதியம் காட்டி அவரை அழைத்துக்கொள்கிறது. காக்கைக் கூட்டில் வளர்ந்த குயில் பறந்துபோவதைப் போலத்தான் இது. அடுத்த முறை காக்கை அடைகாக்கத் தயங்கும். எல்லோரும் தயங்கினால் தொழில் முழுவதிலும் ஆள் பற்றாக்குறை வரும். பயிற்சி அளிப்பவரும் அளிக்காதவரும் ஒரே நிதியில் பங்கு செலுத்த, பயிற்சி அளிப்பவருக்கு மட்டும் அதிலிருந்து திரும்பக் கிடைக்கச் செய்வது இதற்கான மருந்து. உங்கள் உறுப்பினர்களில் யாரிடமிருந்து ஆட்கள் வெளியேறுகிறார்கள், யார் அழைத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் வெளிப்படையாகக் கேட்டுப் பாருங்கள். யார் எதிர்க்கிறார்கள், ஏன் எதிர்க்கிறார்கள் என்பது அப்போது புரிந்துவிடும்.

உலகில் இந்தத் தீர்வை பெரும்பாலும் மூன்று வகைகளில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முதல் வகையில் பணம் நேராகப் பயிற்சி நிறுவனங்களை நடத்தப் போகிறது. பிரேசிலில் 1942இல் தொடங்கப்பட்ட செனாய் இதற்கு எடுத்துக்காட்டு. தொழில் நிறுவனங்கள் ஊதியத் தொகையில் 1 விழுக்காடு செலுத்த, அந்நாட்டுத் தொழிலதிபர் கூட்டமைப்பே அதன் பயிற்சிக்கூடங்களை நிர்வகிக்கிறது. அரசுத் துறை நிர்வகிக்காமல் தொழில்துறையே நிர்வகிப்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இரண்டாம் வகையில், குறிப்பிட்ட தொகையை நீங்களே பயிற்சிக்குச் செலவிட வேண்டும், செலவிடாத மிச்சத்தை அரசுக்குச் செலுத்த வேண்டும். பிரான்ஸ் 1971இல் சட்டமாக்கியது இதைத்தான். ஆஸ்திரேலியாவும் 1990இல் இப்படியொரு திட்டத்தைக் கொண்டுவந்து, 1994இல் நிறுத்திவைத்து, 1996இல் கைவிட்டது. இந்த வகை படிவம் குறைந்தது போலத் தோன்றும். ஆனால் எது பயிற்சிச் செலவு என்பதில் கணக்காளர்களின் கைவண்ணம் புகுந்துவிடுகிறது. அந்தக் கைவண்ணத்துக்குத் தனி ஆள் வைக்க முடியாத சிறு பட்டறை நட்டப்படுகிறது.

மூன்றாவது வகை தீர்வையும் மானியமும் சேர்ந்தது. உங்கள் அரசின் வரைவும் இந்த வகையே என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பிரிட்டன் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் துறைவாரியாகப் பயிற்சி வாரியங்களை அமைத்து, தீர்வை வசூலித்து, பயிற்சி அளித்தவர்களுக்கு மானியம் கொடுத்தது. சிறு நிறுவனங்களின் முறையீடு தொடக்கத்திலேயே எழுந்தது: செலுத்துவது எல்லோரும், விண்ணப்பம் எழுதத் தனி அலுவலர் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களே திரும்பப் பெறுகின்றன என்று. 1973இல் சட்டத்தைத் திருத்தி, போதிய பயிற்சி அளிப்போருக்கு விலக்குக் கொடுத்தார்கள். 1980களில் பெரும்பாலான வாரியங்கள் மூடப்பட்டன. கட்டுமானத் துறையைச் சேர்ந்த வாரியங்கள் மட்டும் அதன் பிறகும் தீர்வை வசூலித்து வந்தன. ஒரு வேலைத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் அந்தத் துறையில், யாரும் தனியாகப் பயிற்சி அளிக்க முன்வர மாட்டார்கள் என்பதை எல்லோரும் உணர்ந்திருந்ததே அதற்குக் காரணம் என்பது என் கருத்து.

தென்னாப்பிரிக்காவின் அனுபவம் உங்கள் மனுவுக்கு நேரடியாகப் பயன்படும். அங்கே 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊதியத்தில் 1 விழுக்காடு தீர்வை. ஆண்டு ஊதியத் தொகை 5 இலட்சம் ராண்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விலக்கு. ஆண்டுதோறும் பணியிடப் பயிற்சித் திட்டத்தையும் முந்தைய ஆண்டின் பயிற்சி அறிக்கையையும் உரிய நாளுக்குள் ஒப்படைக்கும் நிறுவனத்துக்குத் தீர்வையில் ஒரு பங்கு கட்டாயமாகத் திரும்பக் கிடைக்கும். அந்தப் பங்கு தொடக்கத்தில் 50 விழுக்காடாக இருந்து, 2013இல் விதிமுறை ஒன்றின் மூலம் 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வேலையளிப்போர் அமைப்பு நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. தீர்வையின் அளவு சட்டத்தில் இருந்ததால் மாறவில்லை, திரும்பும் பங்கு விதிமுறையில் இருந்ததால் மாறிற்று. உங்கள் வரைவில் தீர்வை எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறதோ, திரும்பும் பங்கும் அதே ஏட்டில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள்.

பிரிட்டனே 2017 ஏப்ரலில் மீண்டும் ஒரு தீர்வையைக் கொண்டுவந்தது. ஆண்டு ஊதியத் தொகை 30 இலட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் மட்டும் அரை விழுக்காடு செலுத்தும். இங்கிலாந்தில் அந்தப் பணம் நிறுவனத்தின் பெயரிலேயே இணையக் கணக்கில் சேர்ந்து, தொடக்கத்தில் தொழில் பழகுநர் பயிற்சிக்கு மட்டும் பயன்பட்டது. 24 மாதங்களுக்குள் செலவிடாவிட்டால் காலாவதியாகிவிடும் என்று அப்போது விதி இருந்தது. சிறு நிறுவனங்கள் தீர்வை செலுத்த வேண்டியதில்லை என்பதால் அவர்களுக்கு நல்லது என்றே பலரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. இங்கிலாந்தில் 2015-16 கல்வியாண்டில் ஏறத்தாழ 5,09,000 பேர் பழகுநராகச் சேர்ந்திருக்க, 2017-18இல் அது ஏறத்தாழ 3,76,000ஆகக் குறைந்தது. பயிற்சித் தரம் குறித்த விதிகள் கடுமையானதும் ஒரு காரணந்தான். ஆனால் பணம் காலாவதியாவதற்குள் செலவழிக்க விரும்பிய பெரிய நிறுவனங்கள், புதிதாக இளைஞர்களைச் சேர்ப்பதை விட ஏற்கெனவே பணியில் இருக்கும் மேலாளர்களை உயர்நிலைப் படிப்புகளுக்கு அனுப்பின. முதுநிலைப் பட்டத்துக்கு இணையான அந்த நிலைக்கான நிதியை 2026 ஜனவரி முதல் பெரும்பாலும் 21 வயது வரையுள்ளவர்களுக்கே என்று அரசு சுருக்க நேர்ந்தது. காலக்கெடு இருந்தால் பணம் சரியான இடத்துக்குப் போகும் என்று எண்ணுவது தவறு; கைக்கு எளிதாக எட்டும் இடத்துக்கே அது போகும்.

இந்தத் திட்டத்தில் உங்களுக்குப் பயன்படும் ஒரு கூறும் உண்டு. பெரிய நிறுவனம் தன் கணக்கில் மீந்த தொகையின் ஒரு பகுதியைச் சிறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்கலாம். அந்தப் பகுதி 10 விழுக்காட்டில் தொடங்கி, 2019இல் 25, 2024இல் 50 விழுக்காடு என உயர்த்தப்பட்டது. உங்கள் பட்டறைகள் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தருபவை என்றால், இந்த வழியை மனுவில் கேட்பது பொருத்தம். வாங்குபவருக்குத் தரமான பாகம் வேண்டும், அதைச் செய்யும் கையைப் பழக்க அவர் பங்களிக்கட்டும்.

பணத்தை நிறுவனத்திடம் தராமல் தொழிலாளியின் பெயரிலேயே கொடுத்துவிடலாம் என்ற வாதமும் உங்கள் கூட்டத்தில் எழும். இங்கிலாந்து 2000இல் தனிநபர் கற்றல் கணக்கு என்ற பெயரில் இதைத் தொடங்கி, போலிப் பயிற்சி நிறுவனங்களின் மோசடி பெருகியதால் 2001 நவம்பரில் மூடியது. பிரான்சில் இதைப் போன்ற கணக்கு இன்றும் நடக்கிறது. அங்கும் தொலைபேசியில் அழைத்துப் பயிற்சி விற்பதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. தொழிலாளியின் உரிமை என்ற அளவில் இது நல்ல யோசனைதான். உங்கள் பட்டறைக்குத் தேவையான திறன் இதனால் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி மனுவில் எழுத வேண்டியவை. பட்டறைத் தொழிலாளி பயிற்சிக்குப் போகும் நாட்களுக்கான ஊதிய ஈட்டை நிதியம் தர வேண்டும் என்பதை முதலில் வையுங்கள். இது புதுமையான கோரிக்கை அன்று. 1979 முதல் திறன் மேம்பாட்டுத் தீர்வை வசூலிக்கும் சிங்கப்பூரில், பயிற்சிக்காக வேலைக்கு வராத மணிநேரங்களுக்கான ஊதியத்தில் ஒரு பங்கை, உச்சவரம்பு வைத்து, நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறார்கள். மேலே சொன்ன 36 ஆள்நாள் கணக்கை உங்கள் உறுப்பினர் ஒருவரின் உண்மையான ஊதியப் பதிவேட்டோடு சேர்த்து மனுவின் முதல் பக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். அதிகாரிகள் வாதத்தை விட அட்டவணையைத்தான் கவனமாகப் படிப்பார்கள்.

அடுத்தது, சங்கம் தன் உறுப்பினர்கள் அனைவருக்குமாக ஒரே விண்ணப்பம் கொடுக்க அனுமதி. அறுபது பட்டறைகளும் தனித்தனியே அறுபது படிவம் நிரப்புவதில் யாருக்கும் பயனில்லை. ஜெர்மனியில் ஒரு சிறு பட்டறை தன்னிடம் இல்லாத இயந்திரத்தில் பழகுநருக்குப் பயிற்சி தர முடியாத நிலையில், கைவினைஞர் சங்கங்களும் மன்றங்களும் நடத்தும் பொதுப் பயிற்சி மையத்துக்குச் சில வாரங்கள் அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு அரசின் நிதியுதவியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் கூட்டுப் பயிற்சி அமைப்பே பழகுநரை வேலைக்கு எடுத்து, பல பட்டறைகளுக்குச் சுழற்சியில் அனுப்புகிறது. ஒரு பட்டறையில் வேலை குறைந்தாலும் பழகுநரின் பயிற்சி நின்றுபோவதில்லை. உங்கள் சங்கத்தின் அளவுக்கு இந்த இரண்டாவது அமைப்பு கச்சிதமாகப் பொருந்தும்.

மானியம் எந்தச் சான்றின் பேரில் தரப்படும் என்பதில் உங்கள் உறுப்பினர்களே முகம் சுளிக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பயிற்சி நிதியத்தின் மானியக் குழுவில் சில காலம் நான் இருந்தபோது, வந்து குவியும் வருகைப் பதிவேடுகளைப் புரட்டுவது வழக்கம். முப்பது நாள் பதிவேட்டில் இருபது பேரின் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே அமர்வில் போட்டது தெரியும். மழை நாளில்கூட ஒருவரும் விடுப்பு எடுத்திருக்க மாட்டார். வருகைக்குப் பணம் கொடுத்தால் வருகை மட்டுமே கிடைக்கும். அதனால் மானியத்தின் ஒரு பகுதியைப் பயிற்சி தொடங்கும்போதும், மீதியைப் பயிற்றுவித்தவர் அல்லாத வேறொரு தேர்வுக்குழு செய்முறைத் தேர்வில் தேர்ச்சி என்று சொன்ன பிறகும் தரச் சொல்லுங்கள். ஜெர்மனியில் இத்தகைய குழுவில் வேலையளிப்போர், தொழிலாளர், தொழிற்பள்ளி ஆசிரியர் ஆகிய மூன்று தரப்பும் இடம்பெற வேண்டும் என்று 1969ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டம் வகுத்திருக்கிறது. முழுத் தொகையையும் தேர்ச்சிக்குப் பின்னரே தருவதாக இருந்தால் அதை ஏற்க வேண்டாம். முன்பணம் போட முடியாத சிறு பட்டறைகள் அந்த இடத்திலேயே விலகிவிடும்.

நிதியத்தின் நிர்வாகக் குழுவில் சிறு தொழிலகங்களுக்கெனத் தனி இடம் கேட்பது எல்லோரும் எழுதுவது. அதைவிட, நிறுவனங்களின் அளவு வாரியாக யார் எவ்வளவு செலுத்தினார்கள், யாருக்கு எவ்வளவு திரும்பியது என்ற ஒரே ஓர் அட்டவணையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று கேட்பது பலமானது. குழுவில் உங்கள் சார்பாளர் இருந்தும் வாய் திறக்காமல் போகலாம். அந்த அட்டவணை வெளிவந்துவிட்டால் ஒளிக்க இடமில்லை. நிதியத்தின் பணம் அரசின் பொதுக் கணக்கில் சேராமல் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

தீர்வையின் அளவைப் பற்றிக் கடைசிப் பத்தியில் எழுதினால் போதும். அரை விழுக்காடு கேட்பதற்குப் பதிலாக, ஊதிய ஈடும் சங்க விண்ணப்பமும் நடைமுறைக்கு வந்து அறுபது நாட்களுக்குள் மானியம் பட்டுவாடாவாகும் ஏற்பாடு அமையும் வரை, இருபது பேருக்குக் குறைவான நிறுவனங்களிடம் தீர்வை வசூலிக்கக் கூடாது என்று எழுதுங்கள். அமைச்சகம் இதை ஏற்றுக்கொண்டால் அடியோடு எதிர்க்கச் சொல்லும் உங்கள் உறுப்பினர்களும் கையொப்பமிடத் தயங்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.