தரம் பார்த்தல்

"கல்லூரிப் படிப்பின் தரம் உண்மையிலேயே குறைந்துவிட்டதா, இல்லை 'எங்கள் காலத்தில்' என்று பெரியவர்கள் புலம்புவதுதானா? குறைந்திருந்தால் பட்டதாரிகளுக்கு அதனால் என்ன கேடு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஆசிரியன் அல்லன். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலையின் ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். கழிவுநீரைச் சோதித்து, வந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுவதுதான் வேலை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பி.எஸ்சி. வேதியியல் முடித்த பிள்ளைகளை நேர்காணலுக்கு அழைப்போம். ஆகவே எனக்குத் தெரிந்தது இந்த ஒரு பாடம்தான். வரலாறும் வணிகவியலும் படித்தவர்கள் அவரவர் கதையைச் சொல்லட்டும்.

நேர்காணலில் நான் கேள்வி அதிகம் கேட்பதில்லை. ஆக்சாலிக் அமிலத்தைக் கொடுத்து, 250 மில்லி N/10 கரைசல் தயாரிக்கச் சொல்வேன். N/10 என்பது கரைசலின் வலிமையைக் குறிக்கும் அளவு. பிறகு ஒரு புட்டி சோடியம் ஹைட்ராக்சைடு. அதன் வலிமையைக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தெரியும், டைட்ரேஷனுக்குப் பாடநூலில் தரம் பார்த்தல் என்று பெயர். பிப்பெட்டால் சோடியம் ஹைட்ராக்சைடை அளந்து எடுத்து, பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து அமிலத்தை நிறம் மாறும்வரை விட்டு, எத்தனை மில்லி செலவானது என்று பார்ப்பது. முதலாண்டு மாணவனே செய்ய வேண்டிய சோதனை அது. அரை மணி நேரம் போதும்.

போன ஆண்டு வந்த ஐந்து பேரில் இருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பையன், ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமம், 78 விழுக்காடு. ஒரு பெண், குடியாத்தம், அம்மா பீடி சுற்றுகிறார், 84 விழுக்காடு. "எத்தனை கிராம் எடுக்க வேண்டும்?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் 1.576 என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். காகிதம்கூட எடுக்கவில்லை. ஆனால் பிப்பெட்டைக் கையில் கொடுத்ததும் திகைத்து நின்றாள். "சார், எங்கள் வகுப்பில் எட்டுப் பேருக்கு ஒரு பியூரெட். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மூன்று வருடமும் அளவுகளை எழுதுவது மட்டும்தான் என் வேலை" என்றாள்.

பையன் தயங்கவில்லை. பியூரெட்டைக் கழுவினான், நிரப்பினான், இளஞ்சிவப்பு மறைகிறவரை சொட்டுச் சொட்டாக விட்டான். அட்டவணை போட்டு எழுதியும் கொடுத்தான். 20.0, 20.0, 20.0.

சிக்கல் என்னவென்றால், அந்தப் புட்டியின் மேல் N/10 என்று நான்தான் ஒட்டியிருந்தேன். உள்ளே இருந்தது அதைவிட வலிமை குறைந்த கரைசல். சீட்டு உண்மையாக இருந்தால் 20 மில்லிக்கு 20 மில்லி அமிலம் செலவாகியிருக்கும். உண்மையான அளவு 17.3. பையனுக்கும் முதல் முறை ஏறக்குறைய அதுதான் வந்திருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தேன். பியூரெட்டைப் பார்த்தான், புட்டியின் சீட்டைப் பார்த்தான், 20.0 என்று எழுதினான். ஏன் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "சார், 20 தானே வர வேண்டும்?"

அந்தப் பையன் பொய்யன் அல்லன். மூன்று ஆண்டுகள் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். ரெக்கார்டு நோட்டில் முந்தைய ஆண்டு அண்ணன் எழுதிய எண்களைப் பார்த்து எழுது, மூன்று அளவும் ஒன்றாக இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் "திரும்ப எழுதிக்கொண்டு வா". கவனியுங்கள், திரும்பச் செய்துகொண்டு வா என்பதல்ல, எழுதிக்கொண்டு வா. தரம் குறைந்ததா என்ற கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் பாடம் தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை, அதை மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பார்த்த எண்ணை விட்டுவிட்டு வர வேண்டிய எண்ணை எழுதும் பழக்கம் இருக்கிறதே, அதை எடுப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது.

நாங்களும் யோக்கியர்கள் அல்லர். 1993இல் நான் கல்லூரியில் சேர்ந்தபோது இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், கல்லூரிகளெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். நானும் நண்பனின் நோட்டைப் பார்த்து 18.4 என்று எழுதியவன்தான். ஆனால் எங்கள் ஆசிரியர் ஒவ்வொருவன் புட்டியிலும் வெவ்வேறு வலிமையில் கரைசல் ஊற்றி வைத்திருந்தார். என் நோட்டு ஜன்னல் வழியாக வேப்பமரத்தடிக்குப் போனது. இரண்டு சனிக்கிழமை தனியாக நின்று செய்தேன். புட்டியில் பொய்ச் சீட்டு ஒட்டும் வித்தை அவரிடம் திருடியதுதான்.

அதற்கு அவருக்கு நேரம் இருந்தது, நிரந்தர வேலை இருந்தது. இன்று அந்த இடத்தில் நிற்பவர் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. நம் அரசுக் கல்லூரிகளில் கிடைப்பது அதில் பாதி. சுயநிதிக் கல்லூரிகளில் அதற்கும் கீழே. அவர் நெட் என்னும் விரிவுரையாளர் தகுதித் தேர்வுக்குப் படிப்பாரா, அறுபது பேருக்கு அறுபது கரைசல் கலப்பாரா? செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்பது காகிதத்தில். சேர்க்கை இழுத்துக்கொண்டு ஆடி மாதத்தைத் தாண்டிவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் தேர்வு வந்து நிற்கிறது. செய்முறை வகுப்புதான் முதலில் பலியாகிறது, ஏனென்றால் அது நடக்காமலே நடந்ததாகக் காட்ட முடியும்.

கல்லூரிகளும் ரெக்கார்டு எழுதுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2024இல், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்ததை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டிய எண் எதுவோ, அது பட்டியலில் இருந்தது. 20.0, 20.0, 20.0.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பழைய காலம் பொற்காலம் என்று முடிக்க நான் தயாராக இல்லை. என் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். இன்று உயர்கல்வி வயதில் இருப்பவர்களில் நூற்றுக்கு 47 பேர் தமிழ்நாட்டில் கல்லூரியில் இருக்கிறார்கள் என்கிறது 2021-22க்கான மத்திய அரசின் கணக்கு. நாடு முழுவதற்கும் அது 28.4தான். பீடி சுற்றுகிற வீட்டிலிருந்து ஒரு பெண் 1.576 என்று மனக்கணக்காகச் சொல்கிறாள் என்றால், அந்த விரிவு வீண் இல்லை. இத்தனை பேரை உள்ளே அழைத்தவர்கள், எட்டுப் பேருக்கு ஒரு பியூரெட்டை வைத்தார்கள் என்பதுதான் என் கோபம்.

என் தொழிலில் இதனால் வரும் கேடு சாதாரணமானதல்ல. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு பட்டம் வாங்கிய எனக்கு வேலை கிடைத்ததே, ஆலைகள் கழிவுநீரைச் சுத்திகரித்துச் சோதித்துக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடியால்தான். வெளியேறும் நீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வேதியியல் ஆக்சிஜன் தேவை, அதாவது நீரிலுள்ள மாசை ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு, 250ஐத் தாண்டக் கூடாது. எவ்வளவு வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த எண். அதைப் பார்த்து எழுதக் கற்றவன் ஆய்வகத்தில் உட்கார்ந்தால், ஆலை முதலாளிக்கு அவனைவிட வசதியான ஆள் கிடையாது. கீழே கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவனுக்கு?

நான் அந்தப் பெண்ணைத்தான் எடுத்தேன். பிப்பெட் பிடிக்கப் பத்து நாள் ஆனது. இரண்டாவது மாதம் ஒரு நாள், அந்த ஆக்சிஜன் தேவைச் சோதனைக்காக இரண்டு மணி நேரம் காய்ச்சி இறக்கி, ஃபெரோயின் என்னும் நிறங்காட்டியை விட்டு, பச்சை நீலம் செம்பழுப்பாக மாறியதும் கணக்குப் போட்டுப் பார்த்து என்னிடம் வந்தாள். "சார், 310 வருகிறது. திரும்பச் செய்யட்டுமா?" செய் என்றேன். 306. "எதை எழுதட்டும் சார்?" இரண்டையும் எழுது அம்மா என்றேன். எழுதினாள். அன்று மாலை மேலாளரிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை.

பையனைப் போன மாதம் காட்பாடியில் சித்தூர் பஸ் நிலையத்தில் பார்த்தேன். குரூப் 4 தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு போகிறானாம். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு. 2024இல் 6,244 இடங்களுக்கு இருபது லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். வகுப்புக்குக் கட்டணம் அப்பா கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார், மூன்று ஆண்டுக் கல்லூரிச் செலவுக்கு மேலே இது. டீ வாங்கிக் கொடுத்தேன். எப்படிப் போகிறது தம்பி என்றேன்.

"பொது அறிவியலில் வேதியியல் கேள்விகள் எனக்கு எளிது சார்," என்றான். "விடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்."