ஸ்மார்ட் வாட்ச் வந்த பிறகு சாவி கடிகாரத்துக்கு இனி இடமுண்டா?

உண்டு, ஆனால் நேரம் பார்க்க அல்ல.

சாவி கடிகாரம் என்பது பேட்டரி இல்லாமல், முறுக்கிய வில்கம்பியின் விசையில் ஓடுவது. அந்த விசை ஒரேயடியாக அவிழாமல், உள்ளே ஆடும் சிறு சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. பல கடிகாரங்களில் நொடிக்கு 8 துடிப்பு.

அதற்குப் பெரிய அடி ஸ்மார்ட் வாட்ச் கொடுத்ததல்ல. 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம், பேட்டரியும் படிகத் துடிப்பும் கொண்டு ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டதுமே நேரம் காட்டும் போட்டி முடிந்துபோனது. சாவி கடிகாரம் அதிலும் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், பழுது பார்க்க முடிவதுதான். ஸ்மார்ட் வாட்ச் ஒரு குட்டிக் கணினி. பேட்டரி தளரும், சில ஆண்டுகளில் மென்பொருள் புதுப்பிப்பும் நின்றுவிடும். தாத்தா தோட்டத்துப் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) கட்டிப்போன கடிகாரமோ லயத்து வீட்டு மிதி தையல் மெஷின் மாதிரி: எண்ணெய் போட்டு, தேய்ந்ததை மாற்றினால் ஓடும். சரி, மாற்றுவது யார்? மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் எனக்குள்ள கவலை அதுதான்.

விலை கூடினால் துல்லியமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல சாவி கடிகாரமே நாளுக்குச் சில வினாடி பிசகும். மலிவான குவார்ட்ஸ் பொதுவாக மாதத்துக்கே அரை நிமிடத்துக்குள்தான்.